ஒன்றரை மீட்டர் டியூப்புக்கு யார் பொறுப்பு?

(செந்துறையில் மகளிர் குழுக்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றுச் செப்பனிடப்பட்டது.)



இந்தியாவில் வீட்டுச் சமையலுக்கு சிலிண்டர் கேஸ் வந்தது 1955இல், பம்பாயில். இண்டேன் தன் முதல் இணைப்பைக் கல்கத்தாவில் 1965 அக்டோபர் 22 அன்று கொடுத்தது. அப்போது செந்துறைப் பக்கம் அடுப்பில் எரிந்தது முந்திரி விறகும் பருத்தி மாரும்தான். 2007இல் தமிழ்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியா ஊரில் உஜ்வலா கேஸ் இணைப்புத் திட்டம் தொடங்கியது. இந்த இரண்டுக்கும் பிறகுதான் நம் ஊர்ச் சின்ன வீடுகளுக்குள் கேஸ் பரவலாக வந்தது. அடுப்பு கொடுத்தார்கள், சிலிண்டர் கொடுத்தார்கள், டியூப்பை மாட்டிப் பற்றவைத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டுக்குள் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கேஸ் நிரப்பும் ஆலையில் சிலிண்டரை எடை பார்க்கிறார்கள், கசிகிறதா என்று பார்க்கிறார்கள். ஏஜென்சியின் கிடங்குக்கு உரிமம் வேண்டும். ஏற்றி வரும் வண்டிக்கு விதி உண்டு. உங்கள் வாசலில் இறக்கும்வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அதற்குப் பிறகு ரெகுலேட்டரிலிருந்து அடுப்புவரை ஒன்றரை மீட்டர் டியூப் ஒன்று போகிறது. அதற்கு யார் பதில் சொல்வது? வீட்டுக்காரரைக் கேட்டால், "அவதானங்க சமைக்கிறா, அவளுக்குத்தான் தெரியும்" என்கிறார். அந்த அம்மாவைக் கேட்டால், "கேஸ் சமாச்சாரத்துல நீ கை வெக்காதன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்கிறார். பல வருஷமாக இந்த மாவட்டத்தில் அடுப்பு பழுதுபார்க்கிறவன் நான். இந்த இரண்டு பேச்சையும் ஒரே வீட்டுக்குள் கேட்டிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்றரை மீட்டருக்குப் பொறுப்பு சமைக்கிறவரிடம் இருக்க வேண்டும். ஆனால் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அது அநியாயம். டியூப் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால் அன்றைக்கே காசு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதிகாரத்தோடு சேர்த்துத்தான் பொறுப்பைக் கேட்கிறேன்.

வாசலிலிருந்து ஆரம்பிப்போம். சிலிண்டர் வந்ததும் சீலைப் பாருங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒன்றில் வெறும் சிலிண்டரின் எடை இருக்கும், 15.8 என்பதுபோல. அதோடு 14.2 கிலோ கேஸைக் கூட்டினால் 30 கிலோ வர வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கொண்டுவரும் தம்பி தராசு வைத்திருக்க வேண்டும். இன்னொரு பட்டையின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். பி 27 என்றிருந்தால், அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று அர்த்தம். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், சி என்றால் ஜூலையிலிருந்து செப்டம்பர், டி என்றால் கடைசி மூன்று மாதம். தேதி கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். அந்தத் தம்பி போவதற்குள் மூடியைத் திறந்து, வாய்க்குள்ளே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா, நைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் மாட்டிய அன்றே கேஸ் வாசனை அடித்தால், பெரும்பாலும் காரணம் இந்த வாஷர்தான். நூலில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியை வெட்டிப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். வால்வே கசிந்தாலும் அடைத்து நிறுத்துவது அதுதான்.

சிலிண்டருக்குள் இருப்பது கேஸ் அல்ல, திரவம். அழுத்தத்தில் திரவமாகிக் கிடக்கிறது. வெளியே வந்தால் ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாக விரிகிறது. உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிலோக்கணக்கில் இருக்கும் அழுத்தத்தை ரெகுலேட்டர் வெறும் 30 கிராமாக இறக்கி அடுப்புக்கு அனுப்புகிறது. இவ்வளவு பெரிய வேலை செய்யும் பொருளை ஒருபோதும் கழற்றிப் பார்க்கக் கூடாது. பழுதானால் ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கேஸ் தீரப்போகிறது என்று சிலிண்டரைச் சாய்த்து வைப்பதும், படுக்கவைத்து உருட்டுவதும், வெந்நீர் ஊற்றுவதும் நம் வீடுகளில் நடக்கிறது. சாய்த்தால் திரவமே டியூப்புக்குள் வந்துவிடும். அடுப்பில் தீ ஆளுயரத்துக்கு எழும்பும். கால் கிலோ கேஸுக்காக இதைச் செய்யாதீர்கள்.

இப்போது டியூப். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை வைத்து வருகிறதே, சுரக்ஷா டியூப், அதன் ஆயுள் ஐந்து வருஷம். ஐஎஸ்ஐ முத்திரையும் வருஷமும் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. அடுப்பு வந்த அன்று மாட்டிய டியூப்பே இன்றுவரை கிடக்கும் வீடுகளும் உண்டு. ரெகுலேட்டர் பக்கம் விரல் நீளத்துக்கு வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் வருஷம் பார்க்க வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள். டியூப் அடுப்புக்கு அடியில் சூட்டில் உரசக் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நடுவில் வெட்டி ஒட்டுப் போடவே கூடாது. அழகுக்காகத் துணி உறை போட்டுத் தைத்து வைக்கிறார்கள். உள்ளே எலி கடித்தாலும் தெரியாது. முந்திரிக்கொட்டை மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் அடுக்கிய வீட்டில் எலி இல்லாமல் இருக்காது.

கசிவு பார்க்கத் தீக்குச்சி வேண்டாம். ஒரு கிண்ணத்தில் துணி சோப்பைக் கரைத்து நுரையாக்கி, ரெகுலேட்டர் உட்காரும் இடம், டியூப்பின் இரண்டு முனைகள், அடுப்புக் குழாய் ஆகிய இடங்களில் தடவுங்கள். ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்பின் நாப்களை மூடி வைத்துப் பாருங்கள். சின்ன முட்டையாக நுரை ஊதினால் அங்கே கசிகிறது. ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் இதைச் செய்தால் போதும். ஐந்து நிமிஷம் ஆகாது.

வாசனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த கேஸுக்கு இயல்பில் மணமே கிடையாது. நமக்கு அடிக்கும் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றம் வேண்டுமென்றே சேர்ப்பது. மெர்காப்டன் என்ற பொருள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், மணமற்ற எரிவாயு ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது, மற்ற இடங்களுக்கும் அந்த வழக்கம் பரவியது. அத்தனை பிள்ளைகளை இழந்து உலகம் கற்ற பாடம் அந்த நாற்றம். "லேசாத்தான் அடிக்குது, பரவாயில்ல" என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்கவில்லை.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் படியும், தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தடிக்கு எட்டடி சமையல்கட்டு, ஒன்பது அடி உயரம் என்று கணக்குப் போட்டால், அறை முழுவதும் அந்த அளவுக்குக் கலக்க ஒரு கிலோவுக்கும் குறைவான கேஸ் போதும். தரையில் தேங்குவதால் அதைவிடக் குறைவாகவே போதும். அதனால்தான் சிலிண்டரைப் பள்ளத்திலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கதவுக்கடியில் காற்று போக இடைவெளி வேண்டும்.

ராத்திரி எழுந்து சமையல்கட்டுக்குப் போகிறீர்கள், நாற்றம் அடிக்கிறது. கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும். அதைத்தான் செய்யக் கூடாது. சுவிட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைத்தாலும் வரும். ஃபேன் போடக் கூடாது, செல்போனை அங்கே வைத்துப் பேசக் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள். பூஜை மாடம் சமையல்கட்டிலேயே இருக்கும் வீடுகள் இதை மறக்க வேண்டாம். முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிப் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு சிலிண்டரை வெட்டவெளிக்குக் கொண்டுபோங்கள். எல்லாரையும் வெளியே கூட்டிவந்து, வாசலுக்கு அப்பால் நின்று 1906க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எப்போதும் எடுக்கும் அவசர எண் அது. ஏஜென்சி நம்பரையும் சுவரில் எழுதி வையுங்கள்.

அடுப்புக்கு வருவோம். தீ நீலமாக நிமிர்ந்து எரிந்தால் அடுப்பு நன்றாக இருக்கிறது. மஞ்சளாகி ஆடினால், பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், காற்று போதவில்லை என்று அர்த்தம். பலரும் சிலிண்டரில் கலப்படம் என்கிறார்கள். நான் பார்த்தவரை காரணம் பர்னரில்தான் இருக்கும். பால் பொங்கி வழிந்து காய்ந்து துளைகளை அடைத்திருக்கும். அல்லது பர்னருக்குக் கீழே போகும் குழாயில் சிலந்தி வலை கட்டியிருக்கும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து பற்றவைக்கும்போது 'டப்' என்று உள்ளே பிடித்தால் அனேகமாக இந்த வலைதான். அடுப்பு ஆறிய பிறகு பர்னரை எடுத்து வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்து, துளைகளை நுனிப் பிரஷ்ஷால் குத்தி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினாலும் தீ ஆடும்.

பர்னருக்கு அடியில் பித்தளை ஜெட் ஒன்று இருக்கும். அதன் ஓட்டை மிகச் சிறிது. அதில் ஊக்கை விட்டுக் குடையாதீர்கள். ஓட்டை ஒரு மயிரளவு பெரிசானாலும் கேஸ் அதிகமாகப் போகும், தீ மஞ்சளாகும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். நாப் இறுகிப் போனால் எண்ணெய் விடாதீர்கள். அதற்கென்று கிரீஸ் இருக்கிறது, மெக்கானிக் போடட்டும். பர்னரும் தட்டும் நீங்கள் கழுவ வேண்டியவை. ஜெட், நாப், ரெகுலேட்டர் மூன்றும் தெரிந்தவர் தொட வேண்டியவை.

இந்தச் சின்னச் சின்னப் பொருள்களைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று தோன்றலாம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்று ஓர் இடம், தமிழ்க் கடைகளும் முருகன் கோயிலும் இருக்கும் இடம். அதே நியூஹாம் வட்டாரத்தில் ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். 1968 மே 16 அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில் 18ஆவது மாடியில் ஓர் அம்மா டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. பற்றவைத்தவர் உயிர் பிழைத்தார், நான்கு பேர் இறந்தார்கள். சுவர்களின் இணைப்பு பலவீனமாக இருந்ததால்தான் மூலை முழுவதும் சரிந்தது. ஆனால் கேஸ் கசிந்த இடம் எது என்று விசாரித்தபோது, அடுப்பில் டியூப்பை இணைத்த தரமற்ற ஒரு பித்தளை நட்டில் போய் நின்றது.

இப்போது வெந்நீர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிருக்கு வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் வெந்நீர் வேண்டும். கொல்லையில் மூன்று கல் வைத்து அண்டாவில் காய்ச்சினோம். பிறகு செப்பு பாய்லர் வந்தது. இப்போது புதுவீடு கட்டுகிறவர்கள் கேஸ் கீசர் வாங்கிக் குளியலறைச் சுவரில் மாட்டுகிறார்கள். இந்த இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. மாட்டும் இடத்தைத்தான் சொல்கிறேன். குளியலறைக்குள் மாட்டக் கூடாது. ஒருபோதும் கூடாது.

கணக்குப் பாருங்கள். சின்ன கீசரே மணிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவரை கேஸ் எரிக்கும். உங்கள் அடுப்பின் பெரிய பர்னர்கள் நான்கைந்தை ஒன்றாகப் பற்றவைத்தது போல. ஒரு கிலோ எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடிக் குளியலறையில், எட்டடி உயரத்தில், மொத்தக் காற்றே 7 கன மீட்டருக்கும் குறைவு. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் குளித்தால் உள்ளே இருக்கும் காற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவை அந்த இயந்திரம் கேட்கும். ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பித்தம் என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் கால் துவளும், தாழ்ப்பாளை நீக்கக் கைக்குத் தெம்பு இருக்காது. உள்ளே போனவர் வெளியே வரவில்லை என்று கதவை உடைத்த செய்திகளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தியாவின் ஏதாவது ஓர் ஊரிலிருந்து படிக்கிறோம்.

ஆகவே கீசரை வெளிச்சுவரில், மழை படாத இடத்தில், காற்று ஓடும் இடத்தில் மாட்டுங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், இடம் மாற்றும்வரை வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரை நிறுத்தி, கதவைத் திறந்து காற்றாடவிட்டு, அதன் பிறகு குளியுங்கள். அடுப்புக்குப் போகும் டியூப்பில் ஒரு டி இணைப்பு வைத்துப் பிரித்துக் கீசருக்குக் கொடுக்காதீர்கள்.

கீசர் பற்றவில்லை என்று கூப்பிடுகிறவர்களில் பலருக்கு நான் போனிலேயே பதில் சொல்லிவிடுவேன். முதலில் உள்ளே இருக்கும் இரண்டு பெரிய பேட்டரிகளை மாற்றுங்கள். பொறி வருகிறதா? வந்தும் பற்றவில்லை என்றால் கேஸ் குழாயைப் பாருங்கள். பொறியே வரவில்லை என்றால் தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். தண்ணீர் அழுத்தித் தள்ளினால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு நகர்ந்து கேஸ் திறக்கும். தொட்டி கீசரைவிடப் பத்தடியாவது உயரத்தில் இல்லாவிட்டால் பல இயந்திரங்கள் அடம்பிடிக்கும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நம் காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஆலத்தியூர், கோவிந்தபுரம், ரெட்டிபாளையம் என்று இத்தனை சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்ததே அதற்காகத்தான். போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு கீசரின் செப்புக் குழாய்க்குள்ளும் படியும். முன்னைவிடத் தண்ணீர் மெலிதாக வரும், சூடு குறையும், உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் நுழையும் இடத்தில் சின்னச் சல்லடை இருக்கும். குழாயை மூடிவிட்டு அதை நீங்களே கழற்றிக் கழுவலாம். செப்புக் குழாய்ப் படிவை எலுமிச்சை உப்புக் கரைசல் விட்டு மெக்கானிக் கரைத்துத் தருவார். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை விடாதீர்கள், செப்பு அரித்து ஓட்டையாகிவிடும். சூட்டை உச்சத்தில் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலப்பதைவிட, அளவான சூட்டில் வைத்தால் படிவு குறைவு. குழாயைச் சுற்றி இருக்கும் செப்புத் தகடுகளுக்கு இடையில் கரியும் தூசியும் அடைந்தால் புகை போக வழியில்லாமல் அதே விஷவாயு உண்டாகும். கார்த்திகை மாதமே ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

பிரிட்டனில் வீட்டுக்கு வீடு சுவரில் பாய்லர் இருக்கிறது. அங்கே பதிவு பெற்ற மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் கூலிக்கு கேஸ் வேலை செய்ய முடியாது. வாடகைக்கு விடுகிறவர் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு விதி. நமக்கு அப்படி வருஷா வருஷம் கதவைத் தட்டி வந்து கட்டாயப்படுத்த ஆளில்லை. ஆகவே நாமேதான் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மகளிர் குழு மாதாந்தரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்குப் பார்க்கிறீர்கள். கூடவே யார் வீட்டு டியூப் எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதலாம். டியூப் வாங்கச் சிரமப்படும் வீட்டுக்குக் குழுப் பணத்திலிருந்தே கடன் கொடுக்கலாம்.

காப்பீடும் இருக்கிறது. சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருப்பது. நீங்கள் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்பது அதன் வரம்பு. பொருள் சேதத்துக்குக் கேட்க, இணைப்பு பதிவான முகவரியில் விபத்து நடந்திருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டியூப்பையும் அடுப்பையும் வைத்திருந்தால் கேட்பது கடினம். விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுதிக் கொடுங்கள், காவல் நிலையத்திலும் பதியுங்கள்.

அம்மாமார்களே, ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் ஒரு துணியை எடுத்து டியூப்பைத் துடைத்து, அதிலிருக்கும் வருஷத்தைப் படியுங்கள். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் நாளைக்கே ஏஜென்சிக்குப் போய் மாற்றுங்கள். வீட்டுக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: சமைக்கிறவர் டியூப்புக்குக் காசு கேட்டால் ஏன் என்று கேட்காமல் கொடுங்கள். குளியலறைக்குள் கீசர் மாட்டியிருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எந்தச் சுவருக்கு மாற்றலாம் என்று வந்து பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் கூலி வேண்டாம்.